வழுக்கையாற்றின் நாலு பங்காளருக்கு ஒரு திறந்த மடல்

வலிகாமம் வடக்கு, வலிகாமம் தெற்கு, வலிகாமம் தென்மேற்கு, வலிகாமம் மேற்கு ஆகிய பிரதேச சபைகளின் கௌரவ தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் அராலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். பன்னிரண்டு பரப்பு வயல் செய்கிறேன். உங்கள் நாலு சபைகளின் பகுதிகளையும் கடந்து வருகிற வழுக்கையாற்றின் கடைசியில் இருப்பவன் என்பதால், மேலே இருக்கும் எல்லாரும் எதை விடுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த மடல்.

போன மாரியில் முதல் பெருமழை பெய்து இரண்டாம் நாள் விடிய, வரம்பு உடைத்துவிட்டதோ என்று பார்க்க வயலுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. மதகடியில் நாலைந்து பேர் நின்று ஆறு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு சின்னத் திருவிழா மாதிரி. மாசி, பங்குனியோடு காய்ந்து, மாடு கட்டவும் பெடியள் கிரிக்கெட் விளையாடவும் ஆகிவிட்ட ஆறு திரும்பி வருகிற நாள். முதலில் சருகும் நுரையும் வரும். பிறகு செம்மண் கரைந்த தண்ணீர் வரும். அன்றைக்கு நுரைக்குப் பின்னால் பொலித்தீன் பைகள் வந்தன. அதற்குப் பின்னால் வாய் கட்டிய உரப்பைகள் இரண்டு வந்து மதகில் முட்டி நின்றன. ஒன்றின் வாய் அவிழ்ந்து கோழி இறகு பரவியது. ஓரத்தில் தண்ணீர் சுழன்று தேங்குகிற இடத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம்.

பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர், "அது துரு சேர். இரும்புத் தண்ணியிலை வாறது. ஒண்டும் செய்யாது" என்றார். அவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். இரும்புச் சத்துள்ள தேங்கிய தண்ணீரில் ஒருவகை பற்றீரியாக்கள் இதே நிறத்தில் படலம் விரிக்கும். வேறுபாடு பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு குச்சி போதும். குச்சியால் கீறினால் துருப்படலம் உடைந்த கண்ணாடி போலத் துண்டு துண்டாகி, அப்படியே மிதக்கும். எண்ணெய்ப் படலம் விலகிப்போய், குச்சியை எடுத்த கையோடு ஓடிவந்து மறுபடி மூடிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் செய்துகாட்டியதுதான். பூவரசங் குச்சி ஒன்றை முறித்துக் கீறினேன். மூடிக்கொண்டது. மூன்று முறை கீறினேன், மூன்று முறையும் மூடிக்கொண்டது. குச்சியை முகர்ந்தால் பழைய எஞ்சின் ஒயில் நாற்றம். தம்பி பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே இது பற்றி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதமாட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அது ஆறில்லை சேர், வெள்ளவாய்க்கால்தானே" என்றார். அதற்கு மேல் என்ன கதைப்பது? ஆறு என்றால் அதற்கு ஒரு மரியாதை. வாய்க்கால் என்றால் அதில் கழிவு ஓடுவதில் யாருக்கும் வியப்பில்லை. பெயரிலேயே அலுவல் முடிந்துவிட்டது.

எங்கள் எல்லாருக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. "யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை" என்று நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பாடசாலையிலிருந்து ஆறு கிடந்த தூரம் அரைமைல்கூட இல்லை. வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை வழியாகத் தென்மேற்கே இறங்கி, அராலியில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் சேருகிறது. வடகீழ்ப் பருவக்காற்றின் மழையில் மட்டும் ஓடும். (கோடையில் ஒரு மயிர் ஈரம்கூட இல்லாததால்தான் 'வழுக்கை' என்று என் மாணவன் ஒருவன் விளக்கம் எழுதினான். அரைப் புள்ளி கொடுத்தேன்.) மேட்டுக் குளங்கள் நிரம்பி வழிந்து இதில் விழும். இது வழிந்து கீழ்க் குளங்களை நிரப்பும். கந்தரோடையில் கிறிஸ்துவுக்கு முன்பே மனிதர் குடியிருந்தது இந்தத் தண்ணீரை நம்பித்தான் என்பது என் எண்ணம். ஆற்றின் கடைசியில் அராலித் தடுப்பணை. கடல்நீர் உள்ளே ஏறி வயலைச் சவராக்காமலும், மாரித் தண்ணீர் வீணே கடலுக்குப் போகாமலும் காப்பதற்காகக் கட்டியது.

அதாவது, வந்த தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதற்கு அங்கே ஒரு கதவு இருக்கிறது. கதவு தண்ணீரை மட்டும் பிரித்து வைத்திருக்காது. தண்ணீரோடு வந்ததையும் எங்கள் வயலடியில் நிறுத்தி வைக்கிறது.

இந்த மடலின் முக்கியமான செய்தி இதுதான்: வழுக்கையாறு அசுத்தமாவது அது ஓடுகிற காலத்தில் இல்லை. தண்ணீர் இல்லாத காலத்தில். சித்திரையில் ஒரு வாகன சேர்விஸ் நிலையத்தின் பின்பக்கக் குழாய் காய்ந்த ஆற்றுப் படுக்கையில் கழிவு ஒயிலைக் கக்கினால் அதைப் பார்ப்பவர் "ஆற்றில் எண்ணெய்" என்று நினைப்பதில்லை. வெறுங் காணிக்குள் ஏதோ கறுப்பாகக் கிடக்கிறது என்று நினைத்துப் போய்விடுவார். இறைச்சிக் கடையின் உரப்பை, அரிசி ஆலையின் அவியல் தண்ணீர், வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிற பட்டறையின் தின்னர், இவை எல்லாம் வைகாசி, ஆனி, ஆடி என்று மாதக்கணக்காகச் சேர்ந்து காத்திருக்கின்றன. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ முதல் வெள்ளம் வந்து, எட்டு மாத ஊத்தையையும் ஒரே இரவில் வாரிக்கொண்டு இறங்குகிறது. பரிசோதகர் வருவது எப்போது? வெள்ளம் வந்து, தண்ணீர் கலங்கி, ஆட்கள் முறையிட்ட பிறகு. அப்போது மாதிரி எடுத்தால் எண்ணெய் இருக்கிறது என்று தெரியும். யார் ஊற்றியது என்று தெரியாது. பதினைந்து கிலோமீற்றர் ஆற்றின் குற்றவாளி ஒரு போத்தலுக்குள் இருக்கமாட்டான்.

அதைவிட மோசமானது வெள்ளத்துக்குக் காத்திராமல் நேரே கீழே இறங்குவது.

எங்கள் நிலத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சபையில் முடிவெடுக்கும்போது இது மறந்துபோகிற விஷயம் என்பதால் எழுதுகிறேன். வலிகாமத்தின் செம்மண் பல இடங்களில் சில அடி ஆழம்தான். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். அந்தக் கல் ஒரு திண்மமான தட்டு இல்லை. மழைநீர் காலகாலமாகக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் பொந்தும் குகையுமாக வைத்திருக்கிற கல். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மணல் நிலத்தில் தண்ணீர் வடிந்து வடிந்து போகும்போது ஊத்தையின் ஒரு பங்காவது வழியில் தங்கிவிடும். எங்கள் கல்லில் பொந்தைக் கண்ட தண்ணீர் குழாய்க்குள் ஓடுவது போல ஓடும். தெல்லிப்பழையில் இறங்கினது தெல்லிப்பழையிலேயே நிற்கும் என்று எந்த ஆதனப் பதிவும் உறுதி தராது.

அந்தக் கல்லுக்குள் நிற்கிற நன்னீரும் சும்மா நிற்கவில்லை. கடல்நீரின் மேலே, தட்டிலே எண்ணெய் மிதப்பது போல மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலத்தடி நீரியலில் உள்ள கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறும். ஆகவே இந்தக் குடாநாட்டில் "அந்தக் கிணறு கெட்டுப்போச்சு, வேறை கிணறு வெட்டுவம்" என்று சொல்ல ஆழமான இடம் இல்லை. ஆழமாகப் போனால் கடல். வழுக்கையாறும் அதன் குளங்களும் மாரியில் செய்கிற பெரிய வேலை வயலுக்குப் பாய்வது மட்டுமில்லை, இந்த மிதக்கிற நன்னீரை நிரப்புவதும்தான். ஆற்றுக்குள் போட்டதை நாங்கள் கிணற்றுக்குள் போட்டதாகத்தான் எடுக்கவேண்டும்.

இது நடக்காத கதை என்று யாரும் சொல்ல முடியாது. சுன்னாகத்தில் நடந்தது. அங்கே மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றியிருந்த கிணறுகளுக்குள் இறங்கியது. என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம். 2014 முடிந்து 2015 பிறக்கிற நாட்களில் அவளுடைய வீட்டுக் கிணற்றடியில் நின்று ஒரு வாளி அள்ளினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாளியை நிழலில் வைத்துச் சரித்துப் பார்த்தபோது விளிம்பில் மெல்லிசாக ஒரு வளையம். சோறு வடித்தால் மண்ணெண்ணெய்க் கடையடியில் நிற்கிற மணம். பிள்ளைகள் சாப்பிடமாட்டோம் என்றார்கள். பிறகு சந்தியில் கறுப்புத் தாங்கிகள் வைத்து பவுசரில் தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டில் நாற்பது அடிக் கிணறு இருக்க, என் தங்கச்சி கானும் கையுமாகச் சந்தியில் நின்றாள். அந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றி நான் ஒருநாளும் கண்டதில்லை.

அப்போது எத்தனை குழுக்கள், எத்தனை அறிக்கைகள்! ஒருவர் எண்ணெய் இருக்கிறது என்றார், இன்னொருவர் ஆபத்தான அளவில் இல்லை என்றார். குடிக்கலாமா என்று கேட்ட சனத்துக்கு ஒரு சொல்லில் பதில் கிடைக்கவில்லை. 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுக்கப்பட்டது. தொடுத்தவர் எங்கள் ஊரவரும் இல்லை, தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசாக்கியவரே அதற்கான செலவைச் சுமக்கவேண்டும் என்ற நியதிப்படி, தனியார் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. நல்ல தீர்ப்பு, நாடு முழுவதற்கும் முன்னுதாரணமான தீர்ப்பு. ஆனால் வழக்குக்கும் தீர்ப்புக்கும் இடையில் நாலு மாரி போய்விட்டது. நாலு தரம் மழை பெய்து, நாலு தரம் கல்லுக்குள் இறங்கியது. ஒரு ஆற்றை நீதிமன்றத்தில் வைத்துக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு குறைந்துவிட்டது. பிரதேச சபையில் வைத்துக் காப்பாற்றலாம் என்று ஏன் நினைக்கிறேன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், கழிவை வெளியேற்றுவதாகப் பட்டியலிட்டு விதிக்கப்பட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை கொடுக்கும். மாசு குறைந்தவை என்று வகுக்கப்பட்ட சிறு தொழில்களுக்குக் கொடுக்கிற அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடம், அதாவது உங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதோடு வருடா வருடம் நீங்கள் வழங்கும் வியாபார அனுமதிப்பத்திரம் இருக்கிறது. யாருடைய பட்டறையின் கழிவுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கிற உரிமையும், போய்ப் பார்க்கிற உரிமையும், கொழும்புக்குக் கடிதம் எழுதாமலே உங்களுக்கு இருக்கிறது. இந்த ஆற்றுக்கு நஞ்சு ஒரே ஒரு பெரிய புகைபோக்கியில் இருந்து வரவில்லை. நூறு சின்னக் குழாய்களில் இருந்து வருகிறது. நூறு சின்னக் குழாய்களும் உங்கள் கையெழுத்துக்குக் கீழே இருக்கின்றன.

பிறகு எங்கே பிழை வருகிறது? எல்லையில்.

வலிகாமம் வடக்கில் ஒரு தொழிலுக்கு அனுமதி கொடுத்தால் அதன் வரி வடக்குச் சபைக்கு. வேலை அந்த ஊர்ப் பெடியளுக்கு. தண்ணீர் மட்டும் தெற்குச் சபைக்கு. தெற்கு தன் பங்கைச் சேர்த்துத் தென்மேற்குக்கு விடும். தென்மேற்கு தன் பங்கைச் சேர்த்து மேற்குக்கு, அதாவது எங்களுக்கு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு சபைக்கும் தன் எல்லைக்குள் ஓடுகிற நாலைந்து கிலோமீற்றர் ஆறு மட்டும் தெரிகிறது, அந்த நாலைந்து கிலோமீற்றருக்குள் பார்த்தால் யாருடைய குற்றமும் பெரிதில்லை. என் முறைப்பாட்டை ஒரு சபையில் கொடுத்தால் "அது மேலை இருந்து வாறது" என்கிறார்கள். மேலே போய்க் கொடுத்தால் "உங்கடை ஊர் எங்கடை பகுதிக்குள்ளை வராதே" என்கிறார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மை.

இந்தச் சிக்கலுக்கு எங்கள் ஆட்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பங்குக் கிணறு. வலிகாமத்தில் தோட்டக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். காணியின் பரப்பு, எல்லை எல்லாம் எழுதி, "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று இருக்கும். என் அப்பாவுக்கு ஒரு கிணற்றில் எட்டில் ஒரு பங்கு இருந்தது. முறை வந்த நாளில் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பித் துலா மிதிக்கப் போவார். எட்டுப் பங்காளரில் இரண்டு பேர் கோவில் வழக்கு ஒன்றால் பேச்சில்லை. பிள்ளைகளின் கலியாணத்துக்குக்கூடச் சொல்லிக்கொள்ளாதவர்கள். ஆனால் வருடத்தில் ஒருநாள், ஆவணியில், தண்ணீர் ஆகக் குறைந்து நிற்கிற சமயம் பார்த்து எட்டுப் பேரும் கிணற்றடிக்கு வருவார்கள். ஒருவர் உள்ளே இறங்குவார், மற்றவர்கள் சேறு இழுப்பார்கள். கூலிக்கு ஆள்விட்டாலும் பங்காளர் நிற்கவேண்டும். யார் வரவில்லையோ அவருக்கு அடுத்த முறைத் தண்ணீர் இல்லை. அதோடு, கிணற்றுக்கட்டில் சவர்க்காரம் போட்டுக் குளித்தால் அந்தத் தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் போகாமல் வாழையடிக்குப் போகிற மாதிரி வாய்க்கால் வெட்டியிருக்கும். அந்த வாய்க்காலை அடைத்தவனுக்கு அப்பா ஏசிய ஏச்சு இங்கே எழுதத்தக்கதில்லை.

கவனியுங்கள்: கிணறு தூர்வாருவது தண்ணீர் குறைந்த மாதத்தில். மாரியில் இல்லை.

நான் உங்கள் நான்கு சபைகளிடமும் கேட்பது இதைத்தான். வருடத்தில் ஒரு தடவை, ஆவணியிலோ புரட்டாசி முற்பாதியிலோ, ஆறு முழுதாகக் காய்ந்து கிடக்கும்போது, நான்கு சபைகளின் தவிசாளர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் சேர்ந்து தெல்லிப்பழையில் இருந்து அராலி வரை ஆற்றுப் படுக்கையால் நடந்து வாருங்கள். வாகனத்தில் மதகு மதகாக நின்று எட்டிப்பார்ப்பதில் பயனில்லை. குழாய்கள் மதகடியில் இருப்பதில்லை. காணிகளின் பின்வேலியில், பனைகளுக்கும் நாயுண்ணிப் பற்றைகளுக்கும் பின்னால் இருக்கின்றன. நடக்கிறவர் காலில்தான் அது தட்டுப்படும். இரண்டு நாள் வேலை. செருப்பு வேண்டாம், பூட்ஸ் போடுங்கள், கண்ணாடித் துண்டு கிடக்கிறது.

நடந்து கண்ட ஒவ்வொரு குழாய் வாயையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். யாருடைய காணி, என்ன தொழில், என்ன விழுகிறது, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அதில் கழிவு அகற்றுவது பற்றி என்ன நிபந்தனை போட்டீர்கள். நான்கு பதிவேடு வேண்டாம், நாலு சபைக்கும் சேர்த்து ஒரே ஒரு பதிவேடு. அதை நாலு சபைகளின் அறிவித்தற் பலகையிலும் போடுங்கள். பெயரைப் போட்டால் கோபிப்பார்கள் என்று தெரியும். போடாததால் தான் இதுவரை யாரும் கோபிக்கவில்லை.

அடுத்தது எல்லை. ஒரு சபையின் எல்லையை விட்டு ஆறு வெளியேறும் இடங்கள் மூன்று, கடைசியாக அராலித் தடுப்பணை. மொத்தம் நாலு இடம். மாரியின் முதல் வெள்ளத்திலும், தை மாதம் ஒரு தடவையும் அந்த நாலு இடத்தில் தண்ணீர் எடுத்துப் பரிசோதியுங்கள். எண்ணெய், நைத்திரேற்று, மலக்கிருமி, இந்த மூன்றையும் பார்த்தாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும். வாங்கிய தண்ணீர் எப்படி, விட்ட தண்ணீர் எப்படி என்று ஒவ்வொரு சபைக்கும் அப்போது ஒரு கணக்கு இருக்கும். "மேலே இருந்து வாறது" என்று சொல்கிறவர் எவ்வளவு வந்தது என்றும் சொல்லலாம். வலிகாமம் வடக்கின் தவிசாளருக்கு இது கஷ்டமாகத் தெரியலாம், ஏனென்றால் அவருக்கு மேலே பழி போட ஆள் இல்லை. ஆனால் அவருக்குத்தான் இதில் ஒரு நற்பேறும் இருக்கிறது. சுத்தமாக விட்டால் அது அவருடைய பெயரில் மட்டும் நிற்கும்.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். ஆற்றின் தலைப்பக்கம் 1990இல் இடம்பெயர்ந்த பகுதி. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே பெரிய பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. காணிகள் துண்டு துண்டாக விடுபட்டு, சனம் திரும்பி, வீடும் கடையும் பட்டறையும் எழும்புகின்றன. அது நடக்கத்தான் வேண்டும். அந்த மண்ணுக்காக முகாம்களில் கிடந்தவர்களிடம் போய், "ஆறு கெடும், தொழில் செய்யாதையுங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. காங்கேசன்துறையிலும் பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயங்கள் வரும் என்று அரசு சொல்கிறது. என் பழைய மாணவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு இருக்கையில் நான் அதை எதிர்க்கப் போவதில்லை. காங்கேசன்துறைக்கு வலயம் புதிதும் இல்லை. 1950இல் இருந்து 1990 வரை அங்கே சீமெந்துத் தொழிற்சாலை ஓடியது. எத்தனை குடும்பம் அதில் வாழ்ந்தது! அது கல் அகழ்ந்த குழிகளும் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. ஆனால் ஒரு தொழிலுக்கு அத்திவாரம் போடுமுன் கழிவுக்கு வழி கேட்பதும், பத்து வருடம் ஓடிய பிறகு போய்க் கேட்பதும் ஒன்றில்லை. அத்திவாரக் காலத்தில் கேட்டால் ஒரு எண்ணெய்ப் பொறிக்குழியும் ஒரு தொட்டியும் கட்டுவதோடு போகும். பிறகு கேட்டால் வழக்கு. மாங்குளம் பற்றி வன்னியிலுள்ள சபைகளும் யோசிக்கவேண்டும். கனகராயன் ஆறு அந்தப் பக்கத்தால் வந்துதான் இரணைமடுவை நிரப்புகிறது. அது வேறொரு மடலுக்குரிய விஷயம்.

நீங்கள் புதிதாகத் தெரிவானவர்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து இரண்டு வருடம் செயலாளர்கள் கையில் இருந்த பிறகு, 2025 மே 6ஆம் திகதி வாக்குப் போட்டோம். நாலு சபையிலும் வேறு வேறு கட்சிக்காரர் இருக்கிறீர்கள், ஒருவரோடு ஒருவர் மேடையில் ஏசியும் இருக்கிறீர்கள். அப்பாவின் கிணற்றுப் பங்காளர் இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பக்கத்துப் பிழை. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த மடலை அராலி மீனவர் ஒருவர் கிழித்துப் போடுவார். போன தை மாதம் தடுப்பணையடியில் களங்கண்டி வலை போடுகிற ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து வருகிற எண்ணெயைப் பற்றி நான் நீட்டி முழக்க, அவர் வலையில் பாசி எடுத்துக்கொண்டே கேட்டார்: "சேர், கதவு திறந்தால் எங்கடை பக்கம் வாறது என்ன? நீங்கள் வயலுக்கு அடிச்ச மருந்துதானே. அதுக்கு எந்தச் சபையிலை போய்ச் சொல்லுறது?" நான் அந்தப் போகத்தில் களைநாசினி இரண்டு தடவை அடித்தவன். வெற்றுப் போத்தலை வரம்பில் விட்டுவிட்டும் வந்திருக்கிறேன். அதுவும் மிதந்து போயிருக்கும். பசளை விஷயத்தில் தோட்டக்காரரும் நாங்களும் கையைக் கட்டிப்போட்டதில்லை. குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத் தோட்டக் கிணறுகளில் அதைத் தாண்டியவை பல உண்டு என்பது பல ஆண்டுகளாக ஆய்வுகள் சொல்லிவருவது. அது கைக்குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்சிசனைத் தடுக்கிற சரக்கு. அதை எந்தத் தொழிற்சாலையும் கொண்டுவந்து கொட்டவில்லை.

ஆகவே பதிவேட்டில் எங்களையும் எழுதுங்கள். வயல் வடிவாய்க்கால் எங்கே ஆற்றில் விழுகிறது, அந்த வாய்க்காலுக்கு யார் பொறுப்பு என்று கமக்காரர் அமைப்புகளைக் கேட்டு எழுதுங்கள். நாலாவது போத்தலில் எங்கள் ஊரின் கணக்கும் இருக்கட்டும். அந்த மனிதருக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, வலைக்கம்பு ஒன்றைப் பிடித்துக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சபையில் பணமில்லை என்பீர்கள். நடப்பதற்குப் பணம் வேண்டாம். பரிசோதனைக்கு வேண்டும், அதுவும் வருடத்தில் எட்டு மாதிரிக்கு. நாலாகப் பிரித்தால் ஒரு சபைக்கு இரண்டு. வரவேற்பு வளைவு ஒன்றின் செலவில் பல வருடத்துக்குப் பார்க்கலாம். இதற்கு மேல் சொன்னால் குத்திக்காட்டுவதாகும்.

வருகிற ஆவணியில் நீங்கள் நடக்கத் தீர்மானித்தால் எனக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அறுபத்தேழு வயதாகிறது. தெல்லிப்பழையில் இருந்து முழுத்தூரமும் வரமாட்டேன். சண்டிலிப்பாயில் சேர்ந்துகொள்கிறேன். மாரியில் மாதிரி எடுக்கிற நாளுக்குப் போத்தல் நான் தருவேன். பாடசாலைக் காலத்துப் பழைய கண்ணாடிப் போத்தல்கள் பன்னிரண்டு வீட்டில் இருக்கின்றன, எல்லாம் மூடி இறுக்கமானவை. சோடாப் பிளாஸ்ரிக் போத்தலைக் கழுவிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வுகூடத்தில் குறைத்துக் காட்டும். முதல் வெள்ளம் பெரும்பாலும் இரவில்தான் வரும். ஆகவே ஒரு ரோச் லைற்றும் வேண்டும்.

இப்படிக்கு,
ஆற்றின் கடைப்பங்காளன்,
அராலி.